ஆமையோட்டுக்கு நான் போட்ட பைபர்

சென்ற வாரம், இரவு பெய்த மழை விட்ட காலையில், அயலவர் ஒருவர் தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். கச்சான் தோட்டத்து வேலிக்கு அப்பால், பற்றைக்குள்ளிருந்து பாதி உடலை நீட்டியபடி ஒரு நட்சத்திர ஆமை. வலப்பக்க ஓட்டில் மேலிருந்து விளிம்பு வரை வளைந்து இறங்கும் வெளிறிய தழும்பு. அந்தத் தழும்பை மாதக்கணக்காகத் தடவிப் பார்த்த விரல்கள் என்னுடையவை. 2024 நவம்பரில் நாங்கள் விட்ட ஆமை ஒரு முழுக் கோடையைத் தாண்டி உயிரோடு, தன் இடத்திலேயே இருக்கிறது. "இனி எழுதுங்கள்" என்றார் மனைவி. இரண்டு வருடமாக அவர் எழுதிவைத்த கணக்குக் கொப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முக்கியமாக முதல் ஒன்பது நாட்களை எழுத வேண்டும். அந்த ஒன்பது நாட்களில் அதைக் கொல்லப் பார்த்தவன் நான்தான்.

நான் முல்லைத்தீவில் பைபர் படகு திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடத் தொழில். பட்டறைக்குப் பின்னால் உள்ள காணியில் ஐந்து வருடமாகக் காயப்பட்ட காட்டு உயிர்கள் தங்கிப் போகின்றன. தறித்த பனையிலிருந்து விழுந்த மூன்று கூகைக் குஞ்சுகளில் தொடங்கியது. பிறகு தாயை நாய் கடித்த மரநாய்க் குட்டி, கண் திறக்காத கீரிகள், வலையில் சிக்கிய பாலாமைகள் என்று வந்தபடியே இருக்கின்றன. எது வந்தாலும் முதல் வேலை 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்வது. அவர்கள் எடுத்துச் செல்வார்கள். அல்லது மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, இங்கேயே வைத்திருக்க எழுத்தில் அனுமதி தருவார்கள். 1937-ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நட்சத்திர ஆமையை அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். இரக்கப்பட்டு வைத்திருந்தேன் என்பது வழக்கில் எடுபடாது.

2023 ஒக்டோபர் 21, சனிக்கிழமை. மழைக்காலப் பயிர்ச்செய்கையான காலபோகத்துக்கு முதல் உழவு நடந்துகொண்டிருந்த நேரம். பின்னேரம் ஒரு தம்பி யூரியாப் பையோடு வந்தார். "அண்ணை, கலப்பையில் அடிபட்டுவிட்டது. ஒதுங்கப் பார்த்தேன், முடியவில்லை" என்றார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது. கச்சான் போடப் பற்றை வெட்டிய காணியின் ஓரம். மழை விழுந்ததும் ஆமைகள் வெளியே வருகின்றன. அதே மழைக்குத்தான் உழவு இயந்திரமும் இறங்குகிறது.

அளந்தோம். நீளம் 21 சென்ரிமீற்றர், எடை 1,940 கிராம். வயிற்றுப் பக்க ஓடு தட்டை, வால் குட்டை; ஆகவே பெண். வலப்பக்கத்தில் 9 சென்ரிமீற்றர் வெடிப்பு. அதன் நடுவில் தீப்பெட்டி அளவுத் துண்டு ஒன்று 4 மில்லிமீற்றர் உள்ளே இறங்கியிருந்தது. வெடிப்பு முழுக்கச் செம்மண், வேர்த் துணுக்கு, ஏற்கெனவே எறும்பு. பின்னங்காலைத் தொட்டதும் இழுத்துக்கொண்டது. அதுதான் முதல் ஆறுதல். முதுகெலும்பு ஓட்டின் நடுக்கோட்டில் ஓட்டோடு சேர்ந்தே இருக்கிறது. அங்கே உடைந்திருந்தால் பின்னங்கால் அசையாது.

மிருக வைத்தியர் அன்று வேறு மாவட்டத்தில், கிணற்றில் விழுந்த யானைக்காக நின்றார். வர ஒரு வாரமாவது ஆகும் என்றார். தொலைபேசியில் சொன்னவை நான்குதான்: மண்ணை மெதுவாக எடுங்கள், ஈரமான சுத்தமான துணி போட்டு மூடுங்கள், இருட்டான உலர்ந்த பெட்டியில் வையுங்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள். நாங்கள் அப்படியே செய்தோம். அதோடு நின்றிருக்க வேண்டும்.

அன்றிரவு பெட்டிக்குள் எறும்பு ஏறிவிட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் துணிக்குக் கீழே கறுப்புக் கோடு போல வரிசை. இரண்டு மணி நேரம் குறட்டால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுத்துக்கொண்டிருக்கும்போதே மனதில் ஒரு முடிவு வந்துவிட்டது. உடைந்த ஓடு, என்னிடம் பைபர் ஒட்டும் ரெசின் பசை இருக்கிறது, மாட் என்ற கண்ணாடி நார் விரிப்பு இருக்கிறது. பைபர் ஒட்டிய ஆமையின் பழைய படம் ஒன்றையும் எங்கேயோ பார்த்திருந்தேன். ஒரு காலத்தில் வைத்தியர்களும் அப்படித்தான் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதை ஏன் கைவிட்டார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். 80 இலக்க மண்கடதாசியால் வெடிப்பைச் சுற்றி உரசினேன். 300 கிராம் மாட்டில் இரண்டு மடிப்பு, ரெசின், அதை இறுக வைக்க இரண்டு வீத ஹார்ட்னர். படகில் போடுவது போல உருளையால் காற்றுக் குமிழைத் தள்ளி, விளிம்பைச் சீவி, மேலே ஒரு பூச்சும் கொடுத்தேன். இறுகும்போது கையை வைத்தேன், நன்றாகச் சுட்டது. படகு சுட்டால் நல்லது, ரெசின் பிடிக்கிறது என்று அர்த்தம். ஓட்டுக்குக் கீழே இருப்பது உயிருள்ள எலும்பு, அதற்குக் கீழே நுரையீரல் என்பதை அந்தச் சூட்டில் நான் நினைக்கவில்லை. ரெசின் நாற்றம் அடங்காத கொட்டிலிலேயே அதை வைத்தும் இருந்தேன். மனைவி அன்றைய பக்கத்தில் "அழகாக ஒட்டியாயிற்று" என்று எழுதியிருக்கிறார். அழகாகத்தான் இருந்தது.

ஏழு நாள் ஒன்றும் தெரியவில்லை. ஆமை நடந்தது, தலையை நீட்டியது. எட்டாம் நாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. பெட்டியைத் திறந்ததும் இறால் ஓடு அழுகிய வாடை. பைபரின் கீழ் விளிம்பில் சிறிய ஈரம். ஒன்பதாம் நாள் வைத்தியர் வந்தார். பார்த்ததும் என்னைத் திட்டவில்லை. "இதைக் கழற்ற வேண்டும், உங்களிடம் என்ன ஆயுதம் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

நோவுக்கு ஊசி போட்டுவிட்டு வைத்தியர் பிடித்துக்கொள்ள, நான் உடைந்த ஹக்சோ அலகால் ஓரத்திலிருந்து கீறினேன். கிரைண்டரைத் தொட விடவில்லை. அதிர்வும் சூடும் கூடாது என்றார். ஒன்றே கால் மணி நேரம். என் ஒட்டு அவ்வளவு பலமாக இருந்தது. கடைசித் துண்டு வந்தபோது அதோடு ஓட்டின் மேல் தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது. உள்ளே சீழ். நமக்கு வருவது போல வடியும் சீழ் அல்ல. அவித்த முட்டையின் மஞ்சட்கரு போலக் கட்டியாக உதிர்ந்தது. ஊர்வனவற்றின் சீழ் அப்படித்தான். தானாக வடியாது, எடுத்தால்தான் வரும். நான் விட்டுவைத்த செம்மண்ணும் ஓர் எறும்புத் தலையும் அதற்குள் இருந்தன.

"ஈர மரத்தின் மேல் நீங்கள் பைபர் போடுவீர்களா?" என்று வைத்தியர் கேட்டார். போட மாட்டேன். பழைய மரப் படகுக்கு மேல் பைபர் போடக் கேட்டு வருகிறவர்களை, மரம் காயட்டும் என்று மாதக்கணக்கில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஈரத்தை மூடினால் உள்ளிருந்து உளுக்கும்; மேலே தட்டிப் பார்த்தால் கல் போல இருக்கும், ஒருநாள் கால் வைக்கும்போது பலகை போய்விடும். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவருக்குச் சொன்னதை ஆமையின் முன்னால் மறந்திருக்கிறேன்.

அதன் பிறகு நடந்தது மெதுவான வேலை. திணைக்களம் அனுமதிக் கடிதம் தந்தது; அந்த நிலையில் நெடுந்தூரம் ஏற்றி இறக்குவது இன்னும் கெடுதல் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை, 72 மணி நேரக் கணக்கில், ஓர் உத்தியோகத்தர் வந்து கிருமிக்கொல்லி ஊசி போட்டார். எல்லாம் முன்னங்கால் பக்கம்தான். பின்பக்கம் போட்டால் மருந்து சிறுநீரக வழியாக முதலில் போய்விடலாம் என்பது காரணம். இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டில் மாடு வைத்திருப்பவர்களிடம் உண்ணிக்கும் பூச்சிக்கும் போடும் ஐவர்மெக்டின் இருக்கும். ஆமையில் உண்ணியைக் கண்டு அதைப் போட்டுவிடாதீர்கள். ஆமைக்கு அது நஞ்சு, கொன்றுவிடும்.

கழுவுவது என் வேலை. முதல் கிழமை சேலைன் போத்தல் வாங்கினோம். ஆறு போத்தல் 1,800 ரூபாய். பிறகு ஒரு லீற்றர் கொதித்து ஆறிய நீரில் 9 கிராம் உப்புப் போட்டு நாங்களே செய்தோம். அயடினை வெறும் தேநீர் நிறம் வரும் வரை கரைத்துச் சேர்த்தோம். கழுவும்போது உடைந்த பக்கம் கீழே இருக்கும்படி சரித்துப் பிடிக்க வேண்டும். நுரையீரல் முதுகோட்டுக்கு நேர் கீழே ஒட்டிக் கிடக்கிறது. மேலிருந்து ஊசிக்குழாயால் பீய்ச்சினால் தண்ணீர் அதற்குள் போகலாம். இதற்காக ஒரு பழைய லோறி ரியூப்பை வெட்டி, ஆமை சரிந்து படுக்க ஒரு வளையம் செய்தேன். இந்த முழுப் பதிவிலும் நான் பெருமையாகச் சொல்லக்கூடிய கருவி அது ஒன்றுதான். கையில் பிடித்தால் உதைக்கும். ரியூப்பில் வைத்தால் அடங்கிக் கிடக்கும்.

கழுவி, தீக்காயத்துக்குப் பூசும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை மெல்லியதாகப் பூசி, துணி போட்டு, மேலே பசைநாடா. ஊரில் பலரும் தேன் பூசச் சொன்னார்கள். தேன் காயத்துக்கு ஆகாத மருந்து அல்ல. ஆனால் முத்தையன்கட்டுப் பக்கமிருந்து வரும் காட்டுத் தேனோடு மெழுகும் தூசியும் வரும், எறும்பும் கூடவே வரும். எறும்பால்தான் இத்தனையும் தொடங்கியது. அதற்கு வழி எங்கள் அம்மா கறிச்சட்டிக்குச் செய்ததுதான்: பெட்டியை மேசையில் ஏற்றி, நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய ரின்களில் வைப்பது. செலவில்லை. முதல் நாளே செய்திருந்தால் நான் ரெசின் வாளியைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஈக்கு நுளம்பு வலை. திறந்த காயத்தில் ஈ ஒருமுறை உட்கார்ந்தால் மறுநாள் புழு.

பெட்டி பழைய பிளைவுட்டில் செய்தது. 90 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம். ஒரு மூலையில் 60 வாட் குண்டு பல்பு, அதற்குக் கோழிவலைக் கூடு, மறு மூலையில் இருட்டுக்கு ஒரு மட்டை. இரண்டு பக்கமும் வெப்பமானி. பல்புப் பக்கம் 31 பாகை, இருட்டுப் பக்கம் 27. குளிர்ந்தால் ஆமைக்கு எதுவும் ஆறாது, மருந்தும் வேலை செய்யாது. மார்கழி மழையில் மின்சாரம் போன இரவுகளில் சோடாப் போத்தல்களில் வெந்நீர் நிரப்பித் துவாயில் சுற்றி வைத்தோம். மூன்று மணிக்கு எழுந்து மாற்றியது பெரும்பாலும் மனைவிதான்.

அது சாப்பிடவில்லை. 1,940 கிராம் நாளுக்கு நாள் இறங்கி, இருபத்துநான்காம் நாள் 1,790-க்கு வந்தது. ஒவ்வொரு காலையும் அந்த மின்தராசின் எண்ணைப் பார்ப்பதுதான் எனக்கு நாளின் பெரிய பயம். வைத்தியர் சொன்னபடி தினமும் இருபது நிமிடம் வெதுவெதுப்பான நீரில் விட்டோம். தாடை எட்டும் அளவு மட்டும், ஒன்றரை சென்ரிமீற்றர். வெடிப்புக்குத் தண்ணீர் ஏறக்கூடாது. ஆமை தலையைத் தாழ்த்தி நிறையக் குடிக்கும். குடித்த பிறகு கழிவோடு சுண்ணாம்புக் குழம்பு போல வெள்ளை வரும். அது வருகிற வரைக்கும் நம்பிக்கை உண்டு.

இருபத்தேழாம் நாள், நவம்பர் 16, செவ்வரத்தம் பூ ஒன்றைக் கடித்தது. கடித்து இழுத்துப் பாதி தின்றது. மனைவி அந்தப் பூவின் மீதிப் பாதியைக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார், இப்போது பழுப்பாகிவிட்டது. அடுத்த வாரம் கொவ்வை இலை, முள் சீவிய நாகதாளி மட்டை, அறுகம்புல். கடற்கரையில் பொறுக்கிய கணவாய் ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பக்கத்தில் போட்டோம். வேண்டும்போது தானே கடித்துக்கொண்டது. இங்கே ஒரு தவறு: பார்க்க வந்த பிள்ளைகள் கொண்டுவந்த கதலிப்பழத்தை அது ஆசையாகத் தின்றதைப் பார்த்து மூன்று நாள் கொடுத்தோம். கழிச்சல். புல்லும் இலையும் தின்னும் குடலுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது.

முப்பத்துநான்காம் நாள் காயம் சுத்தமாக, வாடையில்லாமல், இளஞ்சிவப்பாக இருந்தது. இனி எலும்பை நேராக்கலாம் என்றார் வைத்தியர். அமிழ்ந்த துண்டைத் தூக்க வளைந்த மெல்லிய கருவி தேவைப்பட்டது. பெரிய மீன் தூண்டில் ஒன்றின் முனையையும் செதிலையும் அரத்தால் தேய்த்து, 1000 இலக்கக் கடதாசியால் மழமழப்பாக்கி, கொதிநீரில் போட்டுக் கொடுத்தேன். அதை விளிம்புக்குக் கீழே நுழைத்து அவர் நெம்பியபோது சிறிய சத்தத்தோடு துண்டு மேலே வந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு கொக்கிகள். பெண்களின் உள்ளாடையில் தைக்கும் கொக்கிதான். தையல் சாமான் கடையில் அட்டையாக விற்கிறார்கள். வெடிப்பின் இரு கரையிலும் ஒரு சென்ரிமீற்றர் தள்ளி, எதிரெதிராக நான்கு சோடி. ஒவ்வொன்றின் கீழும் பயறு அளவு அரால்டைட் பசை. அளவு கூடினால் அதுவும் சுடும். ஓட்டின் தட்டுகள் சந்திக்கும் கோட்டில் ஒட்டக்கூடாது. வளர்ச்சி அந்தக் கோட்டில்தான். வெடிப்பின் உள்ளே ஒரு சொட்டும் போகக்கூடாது. அதைத் திறந்தே விட்டோம். மேலே துணி மட்டும்.

ஒரு நாள் இறுக விட்டு, 0.6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பியை எட்டு வடிவில் கோத்து முறுக்கினோம். மறுநாள் காலையில் இரண்டு கொக்கி கழன்று கிடந்தன. களிம்பின் எண்ணெய் ஓட்டில் இருந்திருக்கிறது. நான் ஸ்பிரிட்டால் துடைத்தது போதவில்லை. படகில் ஒட்டுப் பிடிக்காத பத்தில் ஒன்பது இடத்துக்கு இதே காரணம்தான். திரும்பத் துடைத்து, லேசாக உரசி, மறுபடி துடைத்து ஒட்டினேன். அதில் ஒரு கொக்கி முறுக்கும்போது நிமிர்ந்துவிட்டது. அட்டைக் கொக்கியில் மெல்லிய ரகமும் தடித்த ரகமும் உண்டு, தடித்ததை வாங்க வேண்டும். தினமும் கால்வாசி முறுக்கு. ஐந்தாம் நாள் அவசரப்பட்டு முக்கால் முறுக்கு முறுக்கினேன். ஒரு கரை மற்றதன் மேல் ஒரு மில்லிமீற்றர் ஏறிவிட்டது. தளர்த்தி, இரண்டு நாள் விட்டு, திரும்பத் தொடங்கினேன். விரல் நுனியை ஓட்டிப் பார்த்தால் படி தெரியக்கூடாது. அதுதான் அளவு.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எழுத அதிகம் இல்லை. நாளுக்கொன்றாக இருந்த கட்டு மூன்று நாளுக்கொன்றாக, வாரத்துக்கொன்றாக ஆனது. தையில் கட்டே தேவைப்படவில்லை.

மாசியில் வெளியே பட்டி போட்டேன். 3 மீற்றருக்கு 2.4 மீற்றர். அரை அங்குலக் கோழிவலை, 4,800 ரூபாய். ஆமை விடிந்ததிலிருந்து பொழுதுபடும் வரை வலையோரமாகவே நடந்து, மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. வெளியே தெரிந்தால் வெளியே போகப் பார்க்கும். இது தெரிந்தவர்களுக்குச் சின்ன விசயம். எனக்கு 4,800 ரூபாய் விசயம். வலையைக் கழற்றி, பழைய தகரம் ஆறு வாங்கி, 20 சென்ரிமீற்றர் மண்ணுக்குள் புதைத்து 45 சென்ரிமீற்றர் வெளியே விட்டேன். அன்று மாலையே அது நடுவில் போய்ப் புல் மேய்ந்தது. கழற்றிய வலை மேலே போட உதவியது: காகம், உடும்பு, கீரி, அயல் நாய், நான்கும் ஆமையைத் தேடி வரும். பாதிப் பட்டிக்குக் கிடுகு நிழல்.

மார்ச் கடைசியில் கம்பியை வெட்டி, கொக்கிகளைப் பிளேடு நுனியால் கிளப்பி எடுத்தோம். வெடிப்பு மூடி, கட்டை விரலால் அமர்த்தினால் அசையாத அளவுக்கு எலும்பு பிடித்திருந்தது. நான் பைபரோடு உரித்த இடம் மட்டும் வெள்ளையாக, சொரசொரப்பாக நிற்கிறது. அயலவரின் படத்தில் முதலில் தெரிந்ததும் அந்த இடம்தான்.

மழை வரும் வரை விடக்கூடாது என்று தீர்மானித்தோம். கோடையில் விட்டால் புல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. இடத்தைத் தேர்வது இன்னும் கடினம். எடுத்த இடத்துக்கு அருகிலேயே விட வேண்டும். தூரக் கொண்டுபோனால் அது தன் இடத்தைத் தேடி வீதிகளைக் கடந்து நடக்கும், புதிய இடத்து ஆமைகளுக்கு நோயையும் கொண்டுபோகலாம். எடுத்த இடமோ இப்போது கச்சான் தோட்டம். சுற்றிலும் பற்றை இருக்கிறது. ஆனால் வன்னியில் பற்றைக்குள் கால் வைப்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும்: அங்கே கண்ணிவெடி அகற்றி முடிந்துவிட்டதா? போர் முடிந்து பதினைந்து வருடம் கழித்தும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் நின்ற இடங்கள் எங்கள் பக்கம் இருந்தன. ஆமையை விடப் போகிறவர்களும் பிறகு அதைத் தேடிப் பார்க்கப் போகிறவர்களும் மனிதர்கள். வெடி அகற்றி ஒப்படைத்த நிலத்துக்குள், உழவு போகாத, எடுத்த இடத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் தள்ளிய ஒரு பாலைமரத்தடியைத் திணைக்கள உத்தியோகத்தர்கள் தேர்ந்தார்கள். எந்த ஊர் என்று எழுதவில்லை. 2019-இல் நட்சத்திர ஆமையின் பன்னாட்டு வியாபாரத்துக்கு மிகக் கடுமையான தடை வந்த பிறகும் இவற்றைச் சாக்கில் கட்டிக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

2024 நவம்பரில், எடை 2,060 கிராம், விட்டோம். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

மொத்தச் செலவு, திணைக்களம் தந்த மருந்து நீங்கலாக, 29,570 ரூபாய். அதில் ரெசினும் மாட்டும் 1,400. அவசரப்பட்டு வாங்கிய வலை 4,800. பெற்றோல் மட்டும் 6,000. கொக்கியும் கம்பியும் 420. உண்மையில் ஓட்டைச் சேர்த்துப் பிடித்த சாமான்களுக்கு, 950 ரூபாய் அரால்டைட்டோடு சேர்த்து, 1,370 ரூபாய்தான்.

இப்போது கொட்டில் சுவரில் தனிப் பெட்டி ஒன்று தொங்குகிறது. உள்ளே துணி, உப்பு, 9 கிராம் பிடிக்கும் கரண்டி, அயடின், நுளம்பு வலை, தடித்த கொக்கி அட்டை இரண்டு, மழமழப்பாக்கிய தூண்டில், நான்கு ரின். ரெசின் வாளிகளைப் பட்டறையின் மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். மூடியின் உட்பக்கம் மனைவி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்: "வைத்தியர் வரும் வரை ஈரத் துணி மட்டும்."

பன்னிரண்டு நாளைக்கு முன் இன்னோர் ஆமை வந்தது. மோட்டார் சைக்கிள் சில்லில் பட்டது. ஆண், 14.5 சென்ரிமீற்றர், 690 கிராம், 5 சென்ரிமீற்றர் வெடிப்பு. அதே எழுத்து அனுமதி, அதே மேசை, கால்கள் நான்கும் தண்ணீருக்குள். வைத்தியர் நான்காம் நாள் வந்தபோது துணிக்குக் கீழே மண்ணும் இல்லை, வாடையும் இல்லை. நாளை கொக்கி ஒட்டுகிறோம். எட்டாம் நாளே கொவ்வை இலை தின்றது. இன்று காலை 688 கிராம், நேற்று 686.